தீர்மானம் எண் ஏழு

பங்குப் பேரவைக் குறிப்பேட்டில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
'குழந்தைகளையும் குடும்பங்களையும்
கோயிலின் மையத்துக்குக் கொண்டுவருவது.
முன்மொழிந்தவர் பெலவேந்திரன்,
வழிமொழிந்தவர் செயலர்.'
செயலர் நான்.
அப்புறம் டீ வந்தது.

மையம் எது என்று யாரும் கேட்கவில்லை.
மாறுவேடப் போட்டி என்றார் ஒருவர்.
அழுகிற பிள்ளைகளுக்குப்
பின்சுவரோரம் கண்ணாடித் தடுப்பு என்றார் இன்னொருவர்;
உள்ளே ஒரு ஸ்பீக்கர் வைத்துவிட்டால்
அவர்களும் பூசை கண்ட மாதிரி ஆச்சு,
நாமும் பிரசங்கம் கேட்ட மாதிரி ஆச்சு.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடையில்
விலை கேட்டுவந்தேன்.
பதினெட்டாயிரம். ஃபிட்டிங் தனி.

அதற்குள் மாங்காய் இறங்கிவிட்டது.

எங்கள் பங்கின் காலண்டரில்
பாஸ்காவுக்குப் பிறகு ஒரு காலம் உண்டு,
ரோமுக்குத் தெரியாதது.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
காவேரிப்பட்டணம் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும்.
பெண்களில் பாதிப்பேர் மாங்கூழ் கம்பெனியில்
இரவு ஷிப்டு.
ஞாயிறு விடிய, கம்பெனி வேன்
அவர்களை இறக்குவது கோயில் வாசலில்.
வேனைத் திருப்ப வேறெங்கும் இடமில்லை,
அவ்வளவுதான் காரணம்.

அம்மா இறங்குகிற இடத்துக்குப்
பிள்ளைகள் வராமல் இருப்பார்களா?
எட்டு வயசு ஜோவிட்டா வந்தாள்,
இடுப்பில் தம்பி, கக்கத்தில் கோரைப்பாய்.
முதல் வாரம் மூன்று பாய்.
மூவொரு இறைவன் ஞாயிறன்று பதினொன்று.
விரித்தது நடுப்பாதையில்,
பீடத்துக்கு நேர் எதிரே.
பக்தியெல்லாம் இல்லை, அங்கேதான் ஃபேன் சுற்றும்.
ஓரத்து ஃபேன் இரண்டும் போன வருஷமே போச்சு.
அதைப் பார்க்க வேண்டியவனும் நான்தான்.

நன்மை நேரம்.
வரிசை எழுந்தது, நகர வழியில்லை.
முன்னால் இருந்தவர் காலைத் தூக்கினார்,
வைக்க இடம் காணாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.
தட்டி எழுப்ப நான் எழுந்தேன்.

என் மகனைத் தொடையில் கிள்ளிக் கிள்ளித்தான்
கோயிலில் உட்கார வைத்தேன்.
ஓசூரில் இருக்கிறான்.
ஞாயிறானால் 'தூங்குறாரு மாமா' என்பாள் மருமகள்,
ஃபோனைத் தள்ளிப் பிடித்து.

சாமியார் என்னைப் பார்த்தார்.
உட்காரும்படி விரலால் காட்டினார்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி,
ஒரு கை, ஒரு கால், ஒரு பால்புட்டி தாண்டி
அவரே வந்தார்.
நீட்டிய கைகளெல்லாம் மஞ்சள்.
நகக்கண்ணில் மஞ்சள், ரேகைக்குள் மஞ்சள்,
சோப்புக்குப் போகாத கறை.
தூபத்தை மீறிக் கோயிலே பழுத்து மணத்தது.

தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள் அமலோற்பவம்,
ஏந்திய கை ஏந்தியபடி.
அவர் நின்றார். கூப்பிடவில்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.
பாயிலிருந்து ஜோவிட்டா எக்கி
அம்மாவின் முழங்காலை உலுக்கினாள்:
"எம்மா, எந்திரி.
சாமி வந்து நிக்குது."

"கோயிலா இது, பஸ் ஸ்டாண்டா?"
வெளியே வந்ததும் பெலவேந்திரன் கேட்டார்.
அவர் வேட்டி நுனியில்
சின்னதாய் மஞ்சள் விரல் ஒன்று.
நான் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. லாரி நின்றது, வேன் நின்றது.
வரிசை இப்போது ஒழுங்காய் நகர்கிறது.
குறிப்பேட்டில் 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
நேற்று ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்தான்.
ஏணியை ஓரச் சுவரில் சாய்த்து,
"இந்த ரெண்டும்தானே சார்?" என்றான்.
அடுத்த சீசன் முடியட்டும் என்று
அனுப்பிவிட்டேன்.