ஒன்றிலிருந்து எண்ணுதல்

பிர்னோவில் மழை. நான்காம் எண் டிராம்
ஜன்னலை உலுக்கிவிட்டுப் போகிறது.
சமையலறை மேசையில் வெந்துலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
காப்புரிமை ஆவணத்தைப் படிக்கிறாள்.

"ஒரு முறைமை, அதில் அடங்கியவை" என்று தொடங்கி
ஒன்றேகால் பக்கம் மூச்சுவிடாத வாக்கியம்.
பாதியில் பிடிபட்டது:
இது என் சுழல்.
பல்வலியோடு ஒரு பிப்ரவரி இரவில் எழுதி,
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று
கதவு வைக்காமல் விட்டது.
வரைபடம் மூன்றில் என் தவறுகூட அப்படியே,
ஒன்றிலிருந்து எண்ணுகிறது.
தவறுக்கும் இப்போது உரிமையாளர் உண்டு.

கூடவே ஒரு கடிதம்.
உங்கள் மீது ஒருபோதும் வழக்குத் தொடுக்கமாட்டோம்.
கையெழுத்து: சட்டத்துறைத் துணைத்தலைவர்.
போன மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார்.
அந்த வாக்கு இப்போது யார் இழுப்பறையில்?
நாளை கம்பெனி கைமாறினால்
நாற்காலிகளோடு போகுமா
குப்பையோடா?

நல்லெண்ணம்தானே, என்றார்கள் தொலைபேசியில்.
நல்லெண்ணத்துக்கு எதற்கய்யா
பதினேழு அடிக்குறிப்பு?

இரவு பத்தரைக்கு ஒரு திருத்தம் வந்தது.
அதே கம்பெனியின் ராதிம்,
ஆனால் சொந்த முகவரியிலிருந்து.
நான்கே வரி. வணக்கம்கூட இல்லை.
அவளுடைய பழைய தவறைச் சரிசெய்திருந்தான்.

இரண்டுமுறை வாசித்தாள்
(முன்பெல்லாம் ஒருமுறைதான்).
மூன்றாவதாக, ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பிறகு சேர்த்துக்கொண்டாள்.
இனி அவள் சுழல் சுழியத்திலிருந்து எண்ணும்.
அவர்களுடையது மட்டும்
ஒன்றிலிருந்து.