குறியீடு பதினான்கு

"வறட்சி" என்றார் டாக்டர் மெல்னிசுக்,
என் இடது கண்ணுக்குள் நீல விளக்கைச் சாய்த்தபடி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒன்பது வருடமாக அந்தச் சொல்லை
மற்றவர்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தவள் நான்.

ரெஜைனாவில் ஒரு மூன்றாம் மாடி,
பயிர்க் காப்பீட்டு அலுவலகம்.
செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில்
யாருடைய வயலோ சதுரம் சதுரமாக என் திரைக்கு வரும்.
பெரிதாக்குவேன். இன்னும் பெரிதாக்குவேன்.
பச்சை எந்த இடத்தில் பழுப்பாகிறதோ
அங்கே ஒரு கோடு இழுப்பேன்.
ஆலங்கட்டி என்றால் ஒன்பது, வெள்ளம் பதினொன்று,
வறட்சி பதினான்கு.
ஒருவருடைய கோடைகாலம் மொத்தமும்
நாற்பது விநாடியில் முடிந்துவிடும்.

"நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்க வேண்டும்.
நீங்கள் நாலு."
உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் மனிதர்.

தேவர்கள் இமைப்பதில்லை என்பார்கள்.
கால் தரையில் பாவாது, மாலை வாடாது.
அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல,
சுழல் நாற்காலியில் கால்களை மடக்கி வைத்து,
ஆறிப்போன காப்பிக்கு முன்னால்,
வானத்திலிருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு.
தேவர்களுக்குத் தலைவலி வந்ததாக மட்டும்
யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் திரை கிடையாது.
முதல் நாள், வெந்நீரில் நனைத்த துணியைக்
கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தேன்.
மூடிய இமைக்குள்ளும் சதுரங்கள் ஓடின.
நாலாம் நாள்
குளியலறைக் கதவைத் தாழிட்டுக் கைபேசி பார்த்தேன்.
ஐந்தே நிமிடம்.
சரி, இருபது.
"கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரமா?"
கேட்டுக்கொண்டே வேலப்பன் சொட்டு மருந்து விட்டான்.
பாதி காதில் போய்ச் சேர்ந்தது.

நிறைமதிக்கு ஏழு வயது.
எங்கள் பழைய பந்தயத்தில்
முதலில் இமைப்பவர் தோற்பார்.
நான் தோற்றதே இல்லை.
இப்போது விதியை மாற்றிவிட்டாள்.
நான் சாப்பிடும்போது, சாக்ஸுக்கு ஜோடி தேடும்போது,
"அம்மா, சிமிட்டு!"
சிமிட்டுகிறேன்.
"முழுசா. மேல் இமை கீழ் இமையைத் தொடணும்."

தூரத்தைப் பாருங்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.
இந்த ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.
பதினாறாம் நாள் தெற்கே போனோம்,
நெடுஞ்சாலை முடிந்து சரளைப் பாதை முடிந்து
வேறு எதுவும் முடியாத ஓரிடத்துக்கு.
கனோலா பூத்திருந்தது.
கீழே ஒரே மஞ்சள், மேலே ஒரே நீலம்.
கண் எங்கே நிற்பதென்று தெரியாமல்
முதலில் தடுமாறியது,
பிறகு மெதுவாகப் போய் அடிவானத்தில் உட்கார்ந்தது.

மஞ்சளுக்கு நடுவே
சிறுநீரக வடிவில் ஒரு பழுப்பு.
இதை எனக்குத் தெரியும்.
மேலிருந்து தெரியும்.

வேலியோரம் நின்றேன்.
மண் விரல்நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.
வெட்டுக்கிளிகள் பொரிவதுபோல் தெறித்தன.
முழங்கால்கூட எட்டாத ஒரு செடி
நாலே நாலு பூ வைத்திருந்தது.
அந்த நாலும் எந்தப் படத்திலும் விழுந்திருக்காது.
ஆனாலும் பதினான்குதான், சந்தேகமில்லை.
திங்கட்கிழமை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்,
நாற்பது விநாடியில் அல்ல.

காற்று திரும்பியது.
புழுதி நேராக முகத்தில்.
"அழுறியா?" என்றான் வேலப்பன்.
"தூசி."
மேல் இமை கீழ் இமையைத் தொட,
திரும்பத் திரும்பத் தொட,
நிறைமதி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.