முதல் வரிசை

பட்டியலில் பதினாறு இடங்கள். ஏழில் டிக் போட்டாயிற்று.
எட்டாவது, சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள்.
அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள
முப்பது பேர் நின்றார்கள்.
என் முறை வருவதற்குள் மழை வந்தது.

பட்டியல் என்னுடையதல்ல, தில்லைநாயகியுடையது.
இரண்டு டிக்கெட்டும் அவள்தான் போட்டாள்.
மார்ச்சில் போய்விட்டாள்.
விமான நிறுவனம் இரண்டே வரியில் பதில் எழுதியது:
வருந்துகிறோம். பணம் திரும்பாது.
திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை
என் பக்கத்து இருக்கை
யாருமில்லாமல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தது.

மழைக்கு ஒதுங்கிய சந்து இன்னொரு சந்தில் விட்டது.
அது ஒரு மெக்கானிக் கடையின் முதுகில்.
அங்கிருந்து ஒரு திடல்.
இதற்குப் பட்டியலில் எண் இல்லை.

தகரக் கூரை போட்ட மேடை.
பட்டுடுத்திய ராணி ஒருத்தி
சீனத்தில் யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள்.
திரை விலகிய ஓரத்தில், அடுத்த காட்சிக்கான அரசர்
இடது கையால் ஒட்டுத்தாடியைத் தூக்கிப் பிடித்து
மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
பார்க்க ஆறேழு பேர், எல்லோரும் பின்னால்
மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி.
முன்வரிசையில் சிவப்பு நாற்காலிகள்
பன்னிரண்டும் காலி.

ஓசியில் முதல் வரிசை. ஈரோட்டுக்காரி விடுவேனா?
நடுவில் ஒன்றைத் துப்பட்டாவால் துடைத்து உட்கார்ந்தேன்.
பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.
ராணியின் சாபம் ஒரு சொல் தடுக்கியது.

"அக்கா! அங்க உட்காராதீங்க அக்கா!"

லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தார் ஒருவர்.
சட்டைப் பையில் 'புவனேந்திரன் நாற்காலி வாடகை'.
"யாராச்சும் வர்றாங்களா?" என்றேன்.
"வந்துட்டாங்க."
இடமும் வலமும் பார்த்தேன்.
"சீனங்களுக்கு இது ஏழாம் மாசம்.
செத்தவங்களுக்கு லீவு விட்டிருக்கு. முன்வரிசை அவங்களுது."

எழுந்தேன்.
யார் மடியில் உட்கார்ந்திருந்தேனோ!
பையை எடுக்கப் போன கையைத் தடுத்தார்:
"மன்னிப்பு கேட்டுட்டு எடுங்க."
"எந்த பாஷைல?"
"எதுலயும். பினாங்குல நாலு பாஷை தெரியாம
யார் செத்திருக்கா?"

கேட்டேன். தமிழில்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

லாரியின் பின்பலகையில் உட்காரச் சொல்லி
பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் கொடுத்தார்,
ஸ்ட்ரா போட்டு.
கல்யாணம், கெண்டூரி, சாவு, தேர்தல் எல்லாவற்றுக்கும்
இதே நூற்றிருபது நாற்காலிகள்தானாம்.
நான் தணிக்கைக்காரி, சும்மா இருக்க முடியவில்லை.
"காலியா கிடக்கிற பன்னெண்டுக்கும் வாடகை உண்டா?"
"ஏன் இல்ல? ஒண்ணு அறுபது காசு.
ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அதே வெலைதான்."

விமான நிறுவனமும் இதைத்தான் சொன்னது.
இவர் சொன்னபோது கோபம் வரவில்லை.

மேடைக்கு எதிரே காகித ராஜா,
இரண்டு ஆள் உயரம், பிதுங்கும் கண்கள்.
காலடியில் ஆரஞ்சுக் கோபுரங்கள்.
எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு
ஒரு இலைச் சோறு, ஒரு காக்கை.
இங்கே கூத்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.
சோறு போட்டோம் தில்லை,
உனக்கு யாரும் பொழுது போக்கவில்லையே என்றிருந்தது.
அரசர் வந்து ராணியிடம் ஏதோ கெஞ்சினார்.
கதை புரியவில்லை. அவளாயிருந்தால்
நான் கேட்கக் கேட்க இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பாள்.
பன்னிரண்டில் எது என்று நான் தேடவில்லை.
தேடியிருந்தால், ஓரத்து நாற்காலி.
அவளுக்கு எங்கேயும் ஓரம்தான் வேண்டும்.

பத்தரைக்கு விளக்குகள் அணைந்தன.
புவனேந்திரன் நாற்காலிகளை அடுக்கினார், நான் எண்ணினேன்.
முன்வரிசையைக் கடைசியாக, கொஞ்சம் காத்திருந்து, மடக்கினார்.
நூற்றுப் பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.
"ஒண்ணு கொறையுது" என்றேன்,
குரல் என்னவோபோல் ஆகிவிட்டது.

அவர் லாரி விளக்கை என் பக்கம் திருப்பினார்.
"எந்திரிங்கக்கா" என்றார்.
எப்போது உட்கார்ந்தேன் என்று
இன்னும் தெரியவில்லை.