மைனஸ் பன்னிரண்டு

கராகண்டாவில் நிலக்கரிப் புகை
ஜன்னலுக்கு வெளியே உறைந்து நிற்கிறது.
ரத்த வங்கியில் இரவுப் பாதிப் பணி முடித்து வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
சமையலறை மேசைமேல் மல்லாந்து கிடக்கும்
கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிறேன்.

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்,
திவாலான சுரங்கக்காரன் ஒருவனிடம் வாங்கியவை.
எங்கள் ஊர் வழக்கமான சுரங்கம் அல்ல;
இல்லாத காசை மின்சாரம் ஊற்றித் தோண்டும் சுரங்கம்.
விசிறி இடுக்கில் அவன் கொட்டகைத் தூசி இன்னும் இருக்கிறது.
கார்டுக்கு இரண்டு வாய்.
வாய்க்கு எட்டுப் பல்.

பவர் சப்ளை மட்டும் புதிது. கடன்.
அதனோடு வந்த கேபிள் மூன்று.
எனக்கு வேண்டியது நான்கு.
ஒரு கேபிளின் வாலில் இன்னொரு தலையும் தொங்குகிறது,
அதையே மாட்டலாம், பலரும் மாட்டுகிறார்கள்.
ஒரே குழாயில் இரண்டு பேருக்கு ஏற்றிப் பழக்கமில்லை எனக்கு.

சுரங்கக்காரன் தந்த பையைக் கவிழ்த்தேன்.
கிடைத்தது ஒன்று:
அதே கறுப்பு, அதே எட்டு, அதே கொக்கி,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல.
பவர் சப்ளையில் செருகினேன்.
'க்ளிக்'.
எவ்வளவு சம்மதமான சத்தம்.

மறுமுனை கார்டை நெருங்கும்போது
கை நின்றது.

எல்லா ரத்தப் பையும் எல்லா ஊசிக்கும் பொருந்தும்.
பொருந்துவதுதான் ஆபத்து.
அதனால்தான் எங்களிடம் ஒரு விதி:
ஒருவர் படிக்க, இன்னொருவர் கேட்க வேண்டும்.
தனி ஆள் தலைகீழாக நின்றாலும் பை ஏறாது.

மணி மூன்றரை.
எதிர்வீட்டில் விளக்கு.
முதல் பேருந்து ரைன்ஹோல்டுடையது.
பல் துலக்கிய நுரையோடு கதவைத் திறந்தார்.
"கம்ஷாத்? யாருக்கு என்ன?"
"யாருக்கும் இல்லை. ஒரு எண்ணைப் படிக்க வேண்டும்."

காகித கிளிப்பை வளைத்து
பவர் சப்ளையை மட்டும் எழுப்பினேன்.
கார்டுகள் தள்ளி, துணிமேல், எதுவும் அறியாமல்.
கறுப்பு ஊசி மேல்வரிசையில், சிவப்பு கீழ்வரிசையில்.
மல்டிமீட்டரை இரண்டு கையாலும்
பயணச்சீட்டுப் பெட்டி போலப் பிடித்துக்கொண்டார்.

"பன்னிரண்டு."
அடுத்தது.
"பன்னிரண்டு."
அடுத்தது.
"பன்னிரண்டு, புள்ளி, ஒன்று."
நான்காவது. பையில் கிடைத்தது.
"மைனஸ் பன்னிரண்டு."
நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார்.
"இருக்காதே.
ரேடியோவில் இருபத்தெட்டு என்றார்களே."

நான் சிரிக்கவில்லை, உடனே இல்லை.
முக்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.
நுழைய வேண்டிய வழியில் வெளியேறி
வெளியேற வேண்டிய வழியில் நுழைந்து
அரை நொடியில் முடிந்திருக்கும்.
நான்கு மாதச் சம்பளம்,
கருகிய பிளாஸ்டிக் வாசனை,
ஜன்னலைத் திறக்கவும் முடியாத குளிர்.

பிறகு சிரித்தேன். அவரும், ஏனென்று தெரியாமலே.

அந்தக் கேபிளில் சிவப்பு நாடா சுற்றி
'பொருந்தாது' என்று எழுதினேன்.
தூக்கிப் போடவில்லை.
தவறு அதனுடையது அல்ல,
அதன் சொந்த வீட்டில் அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றில் இரண்டு கேபிளை ஒரே கார்டுக்குக் கொடுத்தேன்.
பொத்தான்.
விசிறிகள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன.
"செத்துவிட்டதா?"
"இல்லை. சூடானால்தான் சுற்றும்."
"என் பேருந்தும் அப்படித்தான்" என்று
தொப்பியை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

யாரும் கேட்காத படம் ஒன்று செய்கிறேன்:
ஒரு குதிரை, ஒன்பது நொடி ஓட்டம்,
பிடரியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக.
பழைய கம்ப்யூட்டர் ஆறு நாள் கேட்டது.
இது எவ்வளவு கேட்கும் என்று தெரியாது.
இரண்டாவது கார்டு அலமாரியில்
இரண்டு வாயும் திறந்தபடி.

ஐந்து மணிக்கு முதல் சட்டகம் வந்தது.
குதிரை இன்னும் உள்ளே வரவில்லை.
புல் மட்டும்.
ஒரே பக்கமாகச் சாய்ந்த புல்.