நூற்றுப் பத்தொன்பது

அடுத்த முறை
பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை வேண்டாம்.
பினாங்கில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம்
அன்றைக்குத்தான் பிறந்தமாதிரி
வாசலில் அத்தனை கூட்டம்.

இதைப் படகில் எழுதுகிறேன்.
பட்டர்வொர்த் விளக்குகள் இன்னும் கிட்டே வரவில்லை.
நுழைவுச்சீட்டின் பின்பக்கம், முகிலரசியின் பேனா.
சீட்டு நனைந்து மை ஊறுகிறது.
முக்கியமானதை மட்டும்.

ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்றார்
என் வீட்டுக்காரர்.
ஏழு என்பது அவர் சவரத்தைத் தொடங்குகிற நேரம்.
படகு, அப்புறம் பஸ்.
பத்து ஃபெரிங்கி வளைவுகளில்
முகிலரசிக்கு இரண்டு முறை வாந்தி.
கைப்பையில் பிளாஸ்டிக் பை ஒன்றுதான் இருந்தது.
நான்கு வேண்டும்.

நாசி லெமாக் எட்டுப் பொட்டலம் கட்டியிருந்தேன்.
வெளிச்சாப்பாடு உள்ளே ஆகாதாம்.
வாசலோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில்
பசியாறி ஒரு மணி நேரம்கூட ஆகாத நான்கு பேர்
எட்டையும் தின்று முடித்தோம்.
கடைசிப் பொட்டலத்தின் சம்பல்
சாயந்தரம் வரை ஏப்பத்தில் வந்தது.

மூன்று மாத ஓவர்டைம்.
பதினான்கு விளையாட்டுக்கும் நேரம் பிரித்து
ஃபேக்டரி ஷிப்ட் அட்டவணைபோலக் கோடு போட்டு
நான்காக மடித்து வைத்திருந்தேன்.
ஐந்து ஆடினோம்.
அட்டவணை செருப்பு துடைக்க உதவியது.

இத்தனையும் எழுதியவள் ஒன்றை எழுதவில்லை.
பெரிய சறுக்குக்கு
நூற்றிருபது சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

ஒட்டகச்சிவிங்கி வரைந்த பலகையில்
லோகவர்மன் முதுகை ஒட்டி நிற்கிறான்.
மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான்,
அதிலும் கொஞ்சம் கூடும் என்று.
நூற்றுப் பத்தொன்பது.

ஒரு சென்டிதானே பாஸ் என்று
மலாயில் கெஞ்சினார் இவர்.
ஹக்கிமி என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டான்,
வழி விடவில்லை.

இவன் அழுவான் என்று கைக்குட்டை எடுத்தேன்.
‘பரவால்ல அண்ணே,
நாளைக்கு வளந்துட்டு வரேன்.’
தமிழில்தான் சொன்னான்.
ஹக்கிமி என்ன புரிந்துகொண்டானோ, சல்யூட் அடித்தான்.

அப்பாவும் மகளும் வரிசையில்.
நானும் இவனும் கால்வாய்க் கரையில்.
எதிர்க்கரையில் ஓர் உடும்பு.
அது எத்தனை சென்டி?
வாலோடவா, வாலில்லாமலா?
குடை எத்தனை? குப்பைத்தொட்டி எத்தனை?
அம்மா எப்ப நூற்றிருபது ஆனீங்க?
யாரும் அளக்கலடா என்றேன்.

‘படுங்க.’

படுத்தேன்.
சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, ஈரப் புல்லில்,
பதினொரு வருடம் நின்றே வேலை பார்த்த முதுகு
சட்டென்று நீண்டுகொண்டது.
பாதத்திலிருந்து தலைவரைக்கும்
தன் ஒற்றைச் செருப்பை எடுத்து எடுத்து வைத்து வந்தான்.
இடுப்பருகே எண்ணிக்கை தப்பியது,
மறுபடி முதலிலிருந்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை. மேகம் பார்த்தேன்.
ஏழே முக்கால் செருப்பு.

அந்த மேகம்தான் கொட்டியது.
இடி இடித்தால் சறுக்கை மூடிவிடுவார்களாம்.
எழுபது நிமிடம் நின்ற இருவரும்
ஏறாமலே இறங்கி வந்தார்கள், தெப்பலாக.
‘நீங்களும் நூத்திப்பத்தொன்பதா?’
அக்காவைக் கேட்டு உதை வாங்கினான்.

ஆகவே:
பெரியதைக் காலையிலேயே முடிக்கவும்.
மாற்றுடை ஆளுக்கு இரண்டு.
பணம் திரும்பக் கிடைக்காது, கேட்டு நேரம் போக்க வேண்டாம்.
வீட்டிலேயே உயரம் அளந்துகொண்டு கிளம்பவும்
என்று எழுதி, அடித்துவிட்டேன்.

என் மடியில் தூங்குகிறான்.
கால் பெஞ்சைத் தாண்டித் தொங்குகிறது.
காலையில் வரும்போது
தொங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.