ஊதா மூடி

வீரபாண்டிச் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர்
சென்னியப்பன், வயது நாற்பத்தொன்று.
நடந்தேதான் வந்தார்.
ஒரு முழங்கையை என்னிடம் நீட்டிவிட்டு
மறுகைப் போனில் யாருக்கோ
கரும்பச்சைக்கு உப்பு எத்தனை கிலோ என்று
சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி ஏறியதும் திரும்பி,
"நாங்களும் இதேதானுங்க பண்றோம்.
ஒரு டன் துணியை முக்கறதுக்கு முன்னால
கைக்குட்டையாட்டம் ஒரு துண்டை முக்கிப் பாப்பமுங்க.
லேப் டிப்புன்னு பேரு.
அது பாஸானாத்தான் மத்ததெல்லாம்."
முகக்கவசத்துக்குள் சிரித்தார்.
இருமவில்லை.

ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி.
எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்,
உறையாமலிருக்க.

மே மாதம். வாசலில் ஆம்புலன்சுகள்
கப்பலுக்குக் காத்திருக்கும் கண்டெய்னர்களைப் போல.
மூக்கில் விட்டெடுத்த குச்சிகள்
கோவைக்குப் போய்ப் பதிலோடு திரும்ப மூன்று நாள்.
என் மெஷினுக்கு ஒரு நிமிடம்.
பத்து வருடமாக டெங்குவுக்கும்
பிள்ளைத்தாய்ச்சிகளின் சோகைக்கும்
இதே மெஷின்தான்.
இந்த நோயைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.
வெள்ளையணுவை இனம்பிரித்து எண்ணும்,
தாளைத் துப்பும்,
அவ்வளவுதான்.

நியூட்ரோபில் எண்பத்தெட்டு.
லிம்போசைட் ஆறு.
வகுத்தால் கிட்டத்தட்ட பதினாலே முக்கால்.
இன்னொரு முறை ஓட்டினேன்.
அதேதான்.
ஜன்னலுக்கு வெளியே டூவீலர் ஸ்டாண்டில்
அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு
மாடிக்கு ஓடினேன்.
டாக்டர் வான்மதி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நடக்கறாரா?"
"நடக்கறாருங் மேடம்."
"ஆக்சிஜன்?"
"தொண்ணூத்தஞ்சு காட்டுதுங்."

காலியாயிருந்தது ஒரே ஒரு கட்டில்.
அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர்
அதைக் கேட்டுக் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தார்,
நெஞ்சடைக்குது, செத்துருவேன் என்று.
அவருடைய தாளில் எல்லாம் அடங்கிக் கிடந்தது:
ஒன்றே முக்கால்.

ஒரு தாளை நம்பி
டீ குடிக்கிறவரைப் படுக்கவைத்து
அழுகிறவரை வீட்டுக்கு அனுப்புவது
சரியா என்று எழுத எனக்குத் தெரியவில்லை.
மாடிப்படி இறங்கும்போது
கால் நடுங்கியது.
அதை மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் விடியக்கருக்கலில் சென்னியப்பனுக்கு
எழுபத்தெட்டு.
சிலிண்டர் ஏற்கெனவே தலைமாட்டில் இருந்தது.
பட்டறைக்காரர் பதினாலாம் நாள்
போன்போட்டு என்னைத் திட்டினார்,
நல்ல கணீர்க் குரலில்.

அதன்பின் வார்டில் எல்லாரும்
என் தாளைத்தான் முதலில் கேட்டார்கள்.
ஐந்துக்கு மேலென்றால் இந்தப் பக்கம்.
மூன்றுக்குக் கீழென்றால் அந்தப் பக்கம்.
எனக்கும் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது.

அப்போதுதான் கோகிலாமணி.
ஓவர்லாக் டெய்லர், முப்பத்து நாலு.
இரண்டு புள்ளி எட்டு.
சி.ஆர்.பி. ஒன்பது.
வட்டம் போட ஒன்றுமில்லை.
செவ்வாய்க்கிழமை அனுப்பினோம்.
வெள்ளிக்கிழமை திரும்ப வந்தபோது
குழாயில் ரத்தம் ஏறவே இல்லை.

மெஷினில் பிழையில்லை.
கண்ட்ரோல் ஓட்டிப் பார்த்தேன், மூன்று முறை.
அந்தத் தாள் என் கைப்பையில்
எட்டாக மடிந்து கிடக்கிறது.

ஆடி மாதம் சென்னியப்பன் வந்தார்,
பத்துக் கிலோ இளைத்து.
உள்ளங்கையளவு துணி ஒன்று கொடுத்தார்.
ஊதா.
"உங்க மூடிக் கலருங்க.
ஞாபகத்துல இருந்தே எடுத்தேன்."
குழாயோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன்,
அச்சு அசல்.

"டியூப்லைட்டுல பாத்துட்டுப் பாஸ் போட்றாதீங்க.
வெயில்ல ஒருக்கா, கடை லைட்டுல ஒருக்கா.
ஒரே வெளிச்சத்தை நம்பி
நானு ஒரு கண்டெய்னரே இழந்திருக்கறனுங்க."

அவர் போனதும்
அடுத்த ட்ரேயைக் காத்திருக்க வைத்துவிட்டு
துணியையும் ஒரு காலிக் குழாயையும்
வாசலுக்கு எடுத்துப் போனேன்.

வெயிலில்,
ஒரு நூல் சிவப்பு கூடுதலாயிருந்தது.