வியாழன், நாலு மணி

கோச்சிங் போகிறேன் என்றதும்
"நீட்டுக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள் மகள்.

காளவாசலில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே
ஓர் அறை. இரண்டு நாற்காலி. ஒரு மண்பானை.
கடகடவென்று ஒரு ஃபேன்.
மணிக்கு எழுநூறு ரூபாய்:
இருபது நைட்டியில் நான் பார்க்கிற லாபம்.

டைட்டஸுக்கு முப்பத்தொன்று. எனக்கு நாற்பத்தாறு.
எதையாவது சொல்லித் தருவான் என்று
கோடு போட்ட நோட்டு வாங்கிப் போயிருந்தேன்.
வைகை மணலைத் தோண்டினால் ஊற்று வரும்,
அது உங்களுக்குள்ளும் இருக்கிறது மேடம் என்பான்,
தலையாட்டிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்று.

அவன் சொல்லவில்லை.
"எதற்கு வந்தீர்கள்?" என்றான்.

தூக்கமில்லை.
"தூங்காமல் என்ன செய்வீர்கள்?"
பிரிப்பேன்.

ஆமாம். பதினோரு பேர் தைக்கிறார்கள் என்னிடம்,
கீரைத்துறையில், தகரக் கூரைக்குக் கீழே.
ஆறரைக்கு அவர்கள் போன பிறகு
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராக்கு தைத்த கழுத்தைப் பிரிப்பேன்,
ஷகீலா வைத்த பாக்கெட்டைப் பிரிப்பேன்,
திரும்ப நானே தைப்பேன்.
காலையில் அவர்கள் அதைப் பார்ப்பார்கள்.
ஒன்றும் பேசமாட்டார்கள்.
பேசாததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்
ஒன்பது வருடம்.

மூன்று வாரம் அவனுக்குக் கணக்குத்தான் சொன்னேன்:
ரிட்டன் சரக்கு, விளக்குத்தூண் கடைக்காரர்களின் வாய்,
ஏறிப்போன துணி விலை.
கேட்டுக்கொண்டே இருந்தான்.
இப்படிக் கேட்கிறவர்களோடு எனக்குப் பழக்கமில்லை,
பேச்சு தீர்ந்துபோனது.
அப்புறம் ஃபேன் மட்டும்.

நாலாவது வியாழன்:
"பிரிக்கும்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?"
யாருமில்லை, ஷட்டர்தான் இறங்கியிருக்கிறதே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வரவில்லை.
பானையில் தண்ணீர் மொண்டு வைத்தான்.

என் முதல் முதலாளி. டவுன்ஹால் ரோட்டில் மாடி.
பதினெட்டு வயதில் நான் தைத்த உருப்படிகளை
ஒவ்வொன்றாய் என் முகத்தில் எறிந்து எண்ணினார்.
பன்னிரண்டு வரை எண்ணினார்.
செத்துப் பல வருடமாகிறது, துட்டிக்கும் போய்வந்தேன்.
ராத்திரி ஏழு மணிக்கு மேல்
என் கடையில் இன்னும் அவர்தான் சூப்பர்வைசர்.

மன்னித்துவிடுங்கள் என்று டைட்டஸ் சொல்லியிருந்தால்
எழுந்து வந்திருப்பேன்.
"இந்த வாரம் என்ன செய்து பார்க்கலாம்?" என்றான்.
ஒரே ஒரு நைட்டி, என்றேன்.
ஒன்றை மட்டும் பிரிக்காமல் அனுப்புகிறேன்.
நானே சொன்னேன்.
அவன் சொல்லியிருந்தால்
தீபாவளி வரைக்கும் செய்து விட்டிருப்பேன்.

அந்த ஒன்று கனகாம்பர நிறம்.
கழுத்து கால் இஞ்ச் இடப்பக்கம் இழுத்திருந்தது.
மூன்று ராத்திரி கனவில் வந்தது.
கடைக்குத் திரும்பி வரவில்லை.
யாரோ அதை உடுத்திக்கொண்டு
செல்லூரிலோ திருமங்கலத்திலோ
பாலுக்கு வாசலில் நிற்கிறாள்,
கழுத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல்.

மாறிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.
சித்திரைத் திருவிழா ஆர்டர் வந்தபோது
இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன்.
வியாழக்கிழமை அதைச் சொல்லிவிட்டு
அவன் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தேன்.
"எத்தனையாவது உருப்படியில் நிறுத்தினீர்கள்?"
நிறுத்தினேன் என்பதே
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் தைக்கிறோம்.
எல்லாம் முடிந்து கடைசியில்
தோள் வழியாகக் கையை விட்டு இழுத்துத் திருப்புகிறோம்.
இருபத்தெட்டு வருடமாகச் செய்கிற வேலை.
டைட்டஸிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிடுவான்.

போன வாரம் ராக்கு ஒரு கழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
"ஜமுனாக்கா, இது சரியா வரல. நானே பிரிச்சிரட்டா?"
பிரிக்கிற ஊசி என் மேஜையில் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.

ஆறே முக்காலுக்கு ஷட்டரை முழுக்க இறக்கினேன்.
எதிரே பஜ்ஜிக் கடை.
எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன்.
ஆறு வருஷமா, என்றார்.